மீனுக்கு ஸ்கேன் எடுக்கும் மாப்பிள்ளை

ஐயம்பேட்டை,
வைகாசி, கருடசேவை முடிந்த மறுவாரம்.

என் அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. எல்லாம் என் நாத்தனாரால் வந்த தாமதம். அவள் மகனுக்குப் பெண் பார்க்கிறோம். அவனை உனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். உன் கல்யாணத்தில் மைக்செட் ஒயரைப் பிடுங்கி அடி வாங்கினானே, அவனேதான். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்தான். தறியில் உட்கார் என்றார் அவன் அப்பா. இவனோ ராயபுரத்தில் ஒரு கடையில் போய்ச் சேர்ந்துவிட்டான். காசிமேட்டு விசைப்படகுகளுக்கு எக்கோ என்கிற மீன் காட்டும் கருவி, ஜிபிஎஸ், வயர்லெஸ் மாட்டிக் கொடுக்கிற கடை.

எங்கள் வீடு எப்படிப்பட்ட சைவம் என்று உனக்குத் தெரியும். பெண் வீட்டார் உத்திரமேரூர்ப் பக்கம். மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று அவர்கள் கேட்க, நாத்தனார் நாசூக்காக “கடல் சம்பந்தமான எலக்ட்ரானிக்ஸ்” என்று ஆரம்பித்தாள். மாமனார் சும்மா இருந்தாரா? “மீனுக்கு ஸ்கேன் எடுக்கிறான்” என்று போட்டு உடைத்தார். பெண்ணின் அம்மா கையிலிருந்த கேசரித் தட்டைக் கீழே வைத்தவள் அப்புறம் தொடவே இல்லை.

பையனுக்கு இதுதான் ஓடியாடி வேலை செய்கிற காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் பக்கத்துக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் அல்லவா? படகைக் கரையேற்றி மராமத்து பார்க்கும்போதுதான் அடிப்பாகத்தில் கைவைக்க முடியும். அங்கேதான் இந்த எக்கோவின் காது, வாய் இரண்டும் இருக்கின்றன. புரொப்பல்லர் கிளப்பும் குமிழி படாத இடமாகப் பார்த்து வைக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் திரை முழுக்கப் புள்ளி புள்ளியாக வரும், டிரைவர் அதையெல்லாம் மீன் என்று நினைத்துக்கொள்வாராம்.

கருடசேவைக்கு ஒரு ராத்திரி லீவு போட்டு வந்தவனைத் திண்ணையில் உட்கார வைத்து எல்லாவற்றையும் கறந்துவிட்டேன். பெண் வீட்டுக்குப் பதில் சொல்ல ஒருத்தியாவது தெரிந்துகொள்ள வேண்டாமா?

படகின் அடியிலிருந்து நம் காதுக்கு எட்டாத ஒரு சத்தம் கீழே போகிறது. தண்ணீருக்குள் சத்தம் விநாடிக்குச் சுமார் 1500 மீட்டர் ஓடும். அது தரையில் மோதித் திரும்பி வர ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆனால், ஆழம் 150 மீட்டர். கடல்காரர் கணக்கில் எண்பது பாகத்துக்குக் கொஞ்சம் மேல். நடுவில் மீன் இருந்தால் அதிலும் பட்டுத் திரும்பும். மீனின் சதையைவிட அதன் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப் பைதான் சத்தத்தை நன்றாகத் திருப்பி அடிக்கிறதாம். சூரையில் ஒரு ஜாதிக்கு அந்தப் பையே கிடையாது. அதனால் கூட்டமாக வந்தாலும் திரையில் மங்கலாகத்தான் விழும். 50 கிலோஹெர்ட்ஸ் வைத்தால் ஆழம் வரை போகும், விவரம் குறைவு. 200 வைத்தால் விவரம் நன்றாக வரும், ரொம்ப ஆழத்துக்குப் போகாது. அடியில் பாறையா சேறா என்பதைக்கூடக் கோட்டின் தடிப்பைப் பார்த்தே சொல்லிவிடுகிறார்கள்.

இதற்கெல்லாம் மூலம் ஜப்பானில் நாகசாகிப் பக்கத்து அண்ணன் தம்பிகளாம், ஃபுருனோ குடும்பத்தார். ஆழம் அளக்கிற கருவியை மீன் தேடப் பழக்கி, 1948-இல் விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டார்கள். இன்றும் காசிமேட்டில் அந்தப் பெயரைச் சொன்னால் தனி மரியாதை.

நான் ஒன்று கேட்டேன். “திரையில் மீன் தெரிந்தால் அது படகுக்கு நேர் கீழே இருக்கிறது, அவ்வளவுதானே?” அவன் சிரித்தான். “இல்லை அத்தை. வலது ஓரத்தில் விழுவதுதான் இந்த நிமிஷம். இடது பக்கம் நகர்ந்ததெல்லாம் முடிந்துபோன சமாச்சாரம். நீங்கள் பார்த்துச் சத்தம் போடுவதற்குள் படகு அந்த இடத்தைத் தாண்டிவிடும்.” அதனால்தான் எக்கோவையும் ஜிபிஎஸ் வரைபடத்தையும் ஒரே பெட்டியில் போட்டுவிட்டார்கள். பாதித் திரையில் கடலடி, மீதித் திரையில் கடல் வரைபடம். மீன் விழுந்த இடத்தைத் தொட்டால் அது அட்ச ரேகை, தீர்க்க ரேகையோடு வரைபடத்தில் குறியாகிவிடும். அதற்கு அவர்கள் பேச்சில் ‘பாயின்ட்’.

முன்னெல்லாம் இந்தக் குறி கரையில் இருந்தது. கோபுரத்தையும் குன்றையும் ஒரே கோட்டில் நிறுத்தி, இன்னொரு பக்கம் ஒரு பனந்தோப்பைப் பார்த்து, இரண்டும் வெட்டுகிற இடத்தில் பார், அதாவது கடலடிப் பாறை, இருக்கிறது என்று கண்டுகொள்வார்கள். மாமல்லபுரத்துக் கோயில்கள் எத்தனை மாலுமிகளுக்குக் கண்ணாக இருந்தன! நாகப்பட்டினத்துச் சீனாக் கோயில் கோபுரமும் 1867-இல் இடிக்கப்படும்வரை கப்பல்களுக்கு அடையாளம்தான். ஆனால் கரை மறைந்தால் இந்த வித்தை செல்லாது. ஜிபிஎஸ் வந்த புதிதிலும் ஒரு வில்லங்கம். பொதுஜனத்துக்கான சிக்னலை அமெரிக்கா வேண்டுமென்றே கலங்கடித்து வைத்திருந்தது. நூறு மீட்டர் வரை பிசகும். 2000 மே மாதத்தில்தான் அதை நிறுத்தினார்கள். பார் ஓரமாக வலை விடுகிறவனுக்கு நூறு மீட்டர் பிசகினால் வலை பாறையில் மாட்டிக் கிழிந்துவிடும்.

இனிதான் உனக்கு நான் சொல்ல வந்த வம்பு. யாரிடமும் சொல்லாதே.

ஒரு படகில் பல வருஷம் ஓடிய டிரைவர், முதலாளியோடு மனஸ்தாபமாகி வேறு படகுக்குப் போய்விட்டார். போகும்முன், பெட்டியில் இருந்த பாயின்ட்டையெல்லாம் ஒரு சின்ன மெமரி கார்டில் இறக்கிக்கொண்டார். பார், மூழ்கிய படகு கிடக்கும் இடம், எந்த மாதம் எங்கே என்ன மீன் விழும் என்கிற குறிப்பு உட்பட எல்லாம். முதலாளி கொதித்துவிட்டார். பெட்டி என் பணம், டீசல் என் பணம், அதற்குள் இருப்பதும் என் சொத்து என்றார். டிரைவர், கண் என்னுடையது, தூக்கம் கெட்டது நான் என்றார். ஊர்ப் பெரியவர்கள் வரை போயும் தீரவில்லையாம். இன்னும் சிலர் உஷார். நல்ல பாயின்ட்டைப் பெட்டியில் ஏற்றுவதே இல்லை, பள்ளிக்கூட நோட்டில் எழுதி இடுப்பில் சொருகிக்கொள்கிறார்களாம். திரையில் பொய்ப் பாயின்ட் போட்டு வைக்கிற கில்லாடிகளும் உண்டு.

வீட்டில் இதை வைத்து எனக்கும் அவருக்கும் ஒரு சாயங்காலம் முழுக்கச் சண்டை. அவர் முதலாளி கட்சி, நான் டிரைவர் கட்சி. நம் தறிக்கும் இதேதான் நடந்தது, மறந்துவிட்டாயா? தாத்தா காலத்தில் அடை கட்டுகிறவர் என்றால் என்ன மதிப்பு! மயிலும் யாளியும் அவர் கட்டிவைத்த நூலில் இருந்தன; அந்தக் கை தெரிந்தவரை வீடு தேடிப் போய் அழைத்து வருவார்கள். ஜக்கார்டு வந்தபோது டிசைன் அட்டைக்குப் போனது. அட்டை காசு கொடுத்தவருடையது. இப்போது பென் டிரைவ். நெய்கிறவர் மாறினாலும் மயில் மாறாது. பாயின்ட்டும் அப்படிப் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்துவிட்டால், நாளைக்கு டிரைவரின் பங்கைக் குறைக்க முதலாளிக்கு எத்தனை நேரம் ஆகும்? இதைச் சொன்னதும் அவர் பேப்பரை விரித்துக்கொண்டார்.

இன்னொன்றும் கேள். ஹைதராபாத்தில் இன்காய்ஸ் என்று மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. செயற்கைக்கோள் வழியாகக் கடலின் வெப்பத்தையும் பச்சையத்தையும் பார்த்து, மீன் கூடக்கூடிய இடங்களைக் கணித்துச் சொல்கிறது. டிரைவர்கள் அந்த இடங்களின் எண்களை ஜிபிஎஸ் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போகலாம். மேகம் மூடினால் அதுவும் கைவிரித்துவிடும். ஆனால் அது எல்லோருக்கும் பொது. இலவசமாய் வந்த எண்ணுக்கு யாரும் கட்டிப் புரளவில்லை பார்!

உங்கள் பக்கத்து விஷயமும் வந்தது. தூத்தூர், சின்னத்துறை ஆட்கள் சுறாவுக்கும் சூரைக்கும் லட்சத்தீவையும் தாண்டி வாரக்கணக்கில் போகிறவர்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது அவர்கள் படகுகளிலும் ஜிபிஎஸ் இருந்தது. நீ எங்கே இருக்கிறாய் என்று அது உனக்குச் சொல்லும், கரைக்குச் சொல்லாது. சாதாரண வயர்லெஸ்ஸோ சில பத்து கிலோமீட்டரோடு சரி. அந்த வாரம் நீ போனில் அழுதது என் காதிலேயே இருக்கிறது. அதன் பிறகு, இஸ்ரோ செய்த டிரான்ஸ்பாண்டரை ஒரு லட்சம் படகுகளுக்குக் கொடுக்கும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. இதில் கடலிலிருந்து கரைக்கும் செய்தி அனுப்பலாம். வெளிநாட்டுப் பெரிய திரைக்கு லட்சக்கணக்கில் கொட்டுகிறவர்கள் இந்தச் சின்னப் பெட்டியை வேண்டாவெறுப்பாக மாட்டிக்கொள்கிறார்களாம், தாங்கள் இருக்கும் இடம் அதிகாரிகளுக்குத் தெரிந்துவிடுமே என்று. பாயின்ட் ரகசியம் அந்த அளவுக்குப் போயிருக்கிறது. எனக்கென்னவோ, திரையைவிட இதுதான் முதலில் வேண்டியது என்று படுகிறது.

எல்லாம் ஒரே பெட்டியில் இருப்பதில் இன்னொரு தொல்லை. பேட்டரி போனால் கண்ணும் போச்சு, வழியும் போச்சு. பழைய டிரைவர்கள் கையடக்க ஜிபிஎஸ் ஒன்றையும் காம்பஸையும் தனியாக வைத்திருக்கிறார்கள். பையனும் புதுப் படகுக்காரர்களிடம் முதலில் அதைத்தான் சொல்வானாம். புத்திசாலிதான், பெண் வீட்டார் புரிந்துகொள்ள வேண்டுமே.

உனக்கு இரண்டு வேலை தருகிறேன். உன் வகுப்பில் படிக்கிற பிள்ளைகளின் அப்பாக்கள் பாதிப் பேர் கடலுக்குப் போகிறவர்கள்தானே. டிரைவர் படகு மாறினால் பாயின்ட் யாருக்கு என்று அங்கே எப்படித் தீர்க்கிறார்கள் என்று விசாரித்து எழுது. என் வீட்டுக்காரரிடம் காட்ட வேண்டும். இரண்டாவது, உத்திரமேரூர்க்காரர்கள் கைவிட்டால் உங்கள் பக்கம் மீன் சாப்பிடுகிற வீடானாலும் பரவாயில்லை என்று நாத்தனாரே இறங்கி வந்துவிட்டாள். நல்ல பெண் இருந்தால் ஜாதகம் அனுப்பு. மாமனாரைப் பெண் பார்க்க அழைத்து வரமாட்டோம்.

உன்,
ஐயம்பேட்டைக்காரி