இரண்டு ஒன்றாம் நம்பர்

கள்ளக்குறிச்சியில் என் தமக்கையின் வீட்டுத் திண்ணையை அடைத்து, அவளுடைய இளைய குமாரன் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். 2019-இல் ஊர் தனி ஜில்லாவின் தலைநகரான பிறகு மனுவும் நகலுமாக அவனுக்கு வேலை ஓயவில்லை. மூன்று கம்ப்யூட்டர்கள், அவற்றை இணைக்க ஒரு பழைய ரூட்டர்.

நான் போயிருந்த அன்று ஒரு புதிய பெட்டி வந்து சேர்ந்தது. டெலிபோனும் இண்டர்நெட்டும் இனி அதிலிருந்துதானாம். தெருவிலிருந்து வந்த தாமிரக் கம்பிக்குப் பதிலாக மயிரிழை போன்ற கண்ணாடி இழை ஒன்றைச் செருகிவிட்டு, வந்தவர்கள் பத்து நிமிஷத்தில் போய்விட்டார்கள்.

இளையவன் புதிய பெட்டியையும் பழைய ரூட்டரையும் ஒரு கம்பியால் பிணைத்தான். விளக்குகள் என்னவோ தீபாவளி மாதிரி எரிந்தன. இண்டர்நெட் மட்டும் வரவில்லை. பட்டா நகலுக்கு வந்தவர்கள் வாசலில் நின்றார்கள்.

"இரண்டுக்கும் ஒரே விலாசம், மாமா!" என்றான், அரை மணி கழித்து.

192.168 என்று தொடங்கும் விலாசங்களை அவரவர் வீட்டுக்குள் புழங்குவதற்கென்று ஒதுக்கி 1996-இல் ஒரு விதி செய்திருக்கிறார்கள். பெட்டி செய்கிறவர்களில் பலர் 192.168.1.1 என்பதையே தங்கள் பெட்டிக்குச் சூட்டிவிடுகிறார்கள். ஒரே தெருவில் இரண்டு ஒன்றாம் நம்பர் வீடு இருந்தால் தபால்காரர் என்ன செய்வார், பாவம்! இளையவன் பழைய ரூட்டரை 192.168.1.2 ஆக்கினான். கம்ப்யூட்டர்களுக்கு எண் வழங்கும் அதிகாரத்தை அதனிடமிருந்து பிடுங்கினான். இண்டர்நெட் துளையிலிருந்த கம்பியைக் கம்ப்யூட்டர்களுக்கான துளையில் மாற்றிச் செருகினான். உடனே எல்லாம் ஓடின. பதவி போனபின் ஒழுங்காக வேலை செய்கிற மனிதர்களை நானும் பார்த்திருக்கிறேன்.

மூத்தவன் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பால் வாத்தியார். அவன் இருக்கும் இடத்தில் கைப்பேசி பேசாது. ராத்திரி எட்டு மணிக்கு ஒரு பாறைமேல் ஏறி நின்றுதான் பேசுவான். அக்கா கைப்பேசியைத் தொடமாட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆனாலும் எட்டு மணிக்கு டெலிபோன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

அன்று ஏழே முக்காலுக்கு மின்சாரம் போயிற்று. எட்டு ஆயிற்று, மணி அடிக்கவில்லை. ரிஸீவரை எடுத்தால் வெறும் மரக்கட்டை. இளையவன் வெளியே போயிருந்தான். நான் என் கைப்பேசியிலிருந்து மூத்தவனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன். பயனில்லை.

"கரண்ட் போனாலும் நம்ம போன் அடிக்குமேடா, தம்பி" என்றாள் அக்கா.

அவள் சொன்னது சரிதான். தாமிரக் கம்பியில் பேச்சோடு கூடவே, எக்ஸ்சேஞ்ச் பாட்டரியிலிருந்து 48 வோல்ட் மின்சாரமும் வந்துகொண்டிருந்தது. கண்ணாடி இழையில் வெளிச்சம் வரும், மின்சாரம் வராது. வீட்டு விளக்கு அணைந்தால் பெட்டியும் அணையும், டெலிபோனும் அணையும். வந்தவர்கள் இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஒன்பது மணிக்கு இளையவன் ஓடி வந்தான். "அம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு அண்ணன் பதறுது, மாமா!"

மறுநாள் ரூட்டருக்கென்றே விற்கும் சிறு பாட்டரிப் பெட்டி ஒன்று வாங்கி வந்து, புதிய பெட்டிக்கு மாட்டினோம். அக்கா நம்பவில்லை.

"மெயினை அணைத்துக் காட்டு" என்றாள்.

அணைத்தோம். வீடு இருண்டது. அவள் ரிஸீவரைக் காதில் வைத்துக்கொண்டாள்.

"சத்தம் கேட்குது" என்றாள். வெகுநேரம் அதைக் கீழே வைக்கவில்லை.