கையெழுத்தைத் தேடி சேலையூரிலிருந்து சோழமண்டலத்துக்கு!

நாள் முழுக்கக் கட்டைவிரலால் தமிழைத் தட்டுகிற வேலை எனக்கு. போன மாதம் ஒரு படிவத்தைக் கையால் நிரப்பும்போது ‘ழ’ எழுத வரவில்லை. எந்தப் பக்கம் சுழிப்பது என்று ஒரு நொடி நின்றுவிட்டேன். அந்த ஒரு நொடி உறுத்திக்கொண்டே இருந்தது.

மறுவாரமே ஒரு பாட்டில் திரவ கிராஃபைட் வாங்கினேன். ஞாயிறு காலை சேலையூர் கேம்ப் ரோட்டில் வண்டியைக் கிளப்பி, மேடவாக்கம், சோழிங்கநல்லூர், அக்கரை வழியாக ஈ.சி.ஆரைப் பிடித்தேன். போய்ச் சேர்ந்த இடம், ஈஞ்சம்பாக்கம் சோழமண்டல ஓவியர் கிராமம்.

சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ்.பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966-ல் உருவாக்கிய கிராமம் இது. படம் மட்டும் வரைந்தால் வயிறு நிறையாது என்று பாத்திக் துணி, கைவினைப் பொருள்கள் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில்தான் இந்த நிலத்தை வாங்கினார்கள்.

பணிக்கர் 1963-ல் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை ஓவியங்களில் எழுத்து மாதிரியான கிறுக்கல்கள், ஜாதகக் கட்டங்கள், கணக்குக் குறிகள் நிறைந்திருக்கும். படிக்க முயன்றால் படிக்க முடியாது; பார்க்கத்தான் முடியும். அதே கல்லூரியில் படித்த ஓவியர் ஆதிமூலம், தமிழ்ப் புத்தக அட்டைகளின் எழுத்துகளையே ஓவியமாக்கினார். எழுத்து அழகாக இருக்க அச்சுப்போல இருக்க வேண்டியதில்லை என்பது இவர்களைப் பார்த்தால் புரியும்.

சிற்பங்கள் நிற்கும் தோட்டத்து மரநிழலில் உட்கார்ந்து பாட்டிலைத் திறந்தேன். திரவ கிராஃபைட் என்பது பென்சிலில் இருக்கும் அதே கரிதான். பொடியாக்கி, நீரும் பிசினும் சேர்த்திருப்பார்கள். நம்ம சிவகங்கைப் பக்கம் பூமியிலிருந்து வெட்டி எடுக்கிறார்களே, அந்தக் கனிமம்!

தூரிகையால் இழுத்தால் மை போல ஓடுகிறது. காய்ந்ததும் பென்சில் போலச் சாம்பல் நிறம். வெளிச்சத்தில் சாய்த்தால் வெள்ளி மினுமினுப்பு. நீரில் கரையும் வகையென்றால், காய்ந்த பிறகும் ரப்பரால் ஓரளவு அழிக்கலாம். தப்பு செய்ய பயப்படுகிற என் போன்ற கைக்கு அதுதான் பெரிய தைரியம். மேலே வாட்டர் கலர் பூசப் போகிறீர்களா? கரையாத வகையை வாங்குங்கள். இல்லையென்றால் எழுத்து கலங்கிவிடும்.

முதல் ‘ழ’ குளம் கட்டியது. இரண்டாவது சாய்ந்தது. அப்போதுதான் ஓலைச்சுவடி ஞாபகம் வந்தது. எழுத்தாணியால் கீறி, கரியைத் தடவித் துடைப்பார்கள். கீறலில் மட்டும் கரி தங்கும். தடித்த தாளில் மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி ‘ழ’ எழுதினேன். மேலே கிராஃபைட்டைப் பூசி, உடனே பஞ்சால் ஒற்றினேன். பள்ளத்தில் கரி தங்க, எழுத்து மெல்ல எழுந்து வந்தது.

பக்கத்திலேயே ஒரு பழைய பேருந்து டிக்கெட்டை ஒட்டி, அதன் மேலும் ஒரு கோடு இழுத்தேன். கலப்பு ஊடக ஓவியம் என்று சொல்லிக்கொள்ள அது போதும்!

கிளம்பும்போது தாளில் பன்னிரண்டு ‘ழ’. ஒன்றுகூட இன்னொன்று மாதிரி இல்லை. போனில் எத்தனை முறை தட்டினாலும் ஒரே ‘ழ’தான் வரும். இந்தப் பன்னிரண்டும் என்னுடையவை.

நீங்களும் குழந்தைகளோடு போய் வாருங்கள். அருங்காட்சியக நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். பாட்டில் இல்லாவிட்டால் என்ன, ஒரு பென்சில் போதும்.