பாய் கட்டிய கை

தமிழர் கடலாண்ட மரபினர் என்று மேடைதோறும் முழங்கக் கேட்கின்றோம். 1025-ஆம் ஆண்டில் இராசேந்திர சோழனின் மரக்கலங்கள் கடாரத்தின்மீது சென்றதைக் கூறாத தமிழ்விழா இந்நாட்டில் அரிது. ஆனால், அம்மரக்கலங்களுக்குப் பாய் கட்டிய கைகள் எவருடையவை என்று வினவுவார் அதனினும் அரியர்.

போர்ட் டிக்சன் கரையில், தோட்டத்துத் தோழர் இருவரோடு ஒரு பழைய தோணிக்குப் பாய் கட்ட முனைந்தபோதே இவ்வினா நம் உள்ளத்தில் எழுந்தது. பாய்மரத்திற்கு ஒரு மூங்கில். பாய்க்குத் தார்ப்பாயை முக்கோணமாய் வெட்டி ஓரம் தைத்தோம். துளையிட்ட கட்டையொன்றைத் தோணியின் அடியில் பொருத்தி, மூங்கிலை அதில் நிறுத்தி, மும்முகமாய்க் கயிறிழுத்துக் கட்டினோம். துடுப்புக்கென அமைந்த ஒடுங்கிய தோணி, பாயேற்றினால் எளிதிற் கவிழும். ஆகலின், இரு குறுக்குக் கம்புகளின் முனையில் மிதவை மூங்கிலொன்றைப் பக்கத்தே பிணைத்தோம். நீருள் ஆழ்ந்து நிற்கும் அடிமரம் இன்மையால், காற்று தோணியைப் பக்கவாட்டில் தள்ளும்; அதனைத் தடுக்க ஒரு பலகையை விளிம்போரமாய் நீருக்குள் இறக்கினோம்.

இவற்றை ஆணியால் அறையலாகாதோ எனின், ஆகாது. ஆணி அறைந்த மூட்டு அலையின் ஆட்டத்தில் நாளடைவில் தளரும். கயிற்றுக் கட்டோ அலையோடு அசைந்து கொடுத்துத் தாங்கும். கட்டுமரம் நிலைப்பதும் இதனாலன்றோ! ஆங்கிலேயர் ‘கேட்டமரான்’ என வழங்குவது நம்மிடம் பெற்ற சொல்லே. 1976-இல் திசைகாட்டியின்றி ஹவாயிலிருந்து தாகித்தி சென்ற ‘ஹோக்குலேயா’ என்னும் இரட்டைத் தோணியும் கயிற்றால் பிணைக்கப்பட்டதே. அதற்கு வழிகாட்டியவர் சத்தவால் என்னும் சிறு தீவினரான மாவ் பியாய்லுக்.

ஆங்கிலப் பள்ளியில் நாம் கணிதம் கற்றோம். ஒரு முடிச்சும் கற்றிலோம். முடிச்சுகளை நமக்குக் கற்பித்தோர் இருவர். ஒருவர் பக்கத்துக் கம்பத்து மலாய் மீனவர். ‘பாச்சிக்’ என்றே அவரை அழைப்போம். மற்றவர் லயத்தில் வாழும் பால்வெட்டு முதியவர். தோட்ட அலுவலகத்தில் அம்முதியவர் நிற்க, கிராணிமார் அமர்ந்தே பேசுவர். கடற்கரையிலோ அவர் அமர்ந்து கட்ட, நாம் நின்று கயிறு நீட்டினோம். “கிராணி ஐயா, கயித்த இழுத்துப் புடிங்க, தளர விடாதீங்க” என்றார். அவர் சொற்படியே செய்தோம்.

தோணி ஓடத் தொடங்கியபின் பாயின் கயிற்றை எங்கும் கட்டிவிடலாகாது. வன்காற்று மோதின் நொடியில் தளரவிடுமாறு கையிலேயே இருத்தல் வேண்டும். ஒருவர் கயிறு பிடிக்க, ஒருவர் பின்னிருந்து துடுப்பால் திசைதிருப்ப, ஒருவர் நீர் இறைக்க வேண்டும். இம்மூவரில் எவர் கை சோர்ந்தாலும் மூவரும் நீரில்தான். சுமத்திராப் பக்கமிருந்து விடியலில் எழும் சூறைக்காற்று, கிராணி யார், கூலி யார் என்று கேட்டு வீசுவதில்லை.

கடற்செலவைச் சாதியிழக்கச் செய்யும் பாவமென வகுத்தது பௌதாயன தருமசூத்திரம். அத்தடையை மீறிக் கடல் கடந்தோரின் வழிவந்த நாம், கையுழைப்பை இழிவென எண்ணும் எண்ணத்தை மட்டும் பெட்டியில் வைத்து உடன்கொணர்ந்தோம். தோழர்களே! அப்பெட்டியைத் திறந்து அதனைக் கடலில் எறியும் காலம் எப்போது? சோழன் பெயரை நூறுமுறை கூவுவதினும், முடிச்சறிந்த முதியவரை அமரச் செய்து, நம் பிள்ளைகளை அவர்முன் நின்று கற்கச் செய்வதே தமிழர்க்குப் பெருமையாம்.