கடப்பாக் கல்லும் கை எட்டும் உயரமும்

திருவண்ணாமலையில் பழைய வீடுகளைப் புதுப்பித்துக் கொடுப்பது என் தொழில். வேலை சமையல்கட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர்கள் மாடுலர் கிச்சனுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்பார்கள். கணக்கைப் பிரித்துக் காட்டுவேன். பிளைவுட் பெட்டி ஒரு பங்கு. கதவு, மைக்கா, கீல், சேனல், கைப்பிடி, அவற்றைப் பொருத்தும் கூலி என்று அதற்கு மேல் ஏறிக்கொண்டே போகும். அந்த முகப்பை விட்டுவிட்டுச் சுவரில் கடப்பாக் கல் பலகைகளைத் திறந்த ஷெல்ஃபாகப் பதித்தால் செலவு நன்றாக இறங்கும். கல் தண்ணீரில் உப்பாது; கரையானும் தொடாது.

கேரளத்தில் லாரி பேக்கர் (1917–2007) கட்டிய வீடுகளில் அலமாரியும் இருக்கையும் சுவரோடு சேர்ந்தே எழுந்தன. சுவரைக் கட்டும்போதே கட்டிவிட்டால் தனியாக மரச்சாமான் வாங்க வேண்டியதில்லை. நம் பாட்டிமார் வீட்டு மாடமும் பரணும் இதே சிக்கனத்தில் பிறந்தவைதான்.

ஆனால் திறந்த ஷெல்ஃபில் மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் கல் வெட்டுவதற்கு முன்னாலேயே அளந்தாக வேண்டும். “அக்கா, தினமும் கை போற டப்பாவையெல்லாம் எடுத்து வைங்க” என்பேன். மசாலா டப்பா வரிசைக்கு 9 அங்குல இடைவெளி போதும். அரிசி, பருப்புத் தூக்குகளுக்கு 15 அங்குலம் வேண்டும். ஆழம் ஓர் அடி. அதற்கு மேல் போனால் பின்வரிசையில் இருப்பது மறந்துபோய், அதே பொருளைத் திரும்ப வாங்குவார்கள். சமைப்பவர் கையை உயர்த்தி நிற்கச் சொல்லி, விரல் எட்டும் இடத்தில் மேல்தட்டுக்குக் கோடு போடுவேன். பௌர்ணமிக்கும் கார்த்திகை தீபத்துக்கும் உறவினர் வந்திறங்கும் ஊர் இது. அன்றைக்கு மட்டும் இறங்கும் அண்டாவுக்கும் அன்னக்கூடைக்கும் பரண் போதும்.

20 மில்லிமீட்டர் கல் சதுர அடிக்குச் சுமார் 5 கிலோ எடை இருக்கும். 3 அடி நீளப் பலகை வெறுமனே 15 கிலோ. அதன்மேல் பருப்புத் தூக்குகள் வேறு. 9 அங்குலச் சுவரென்றால் 2 அங்குலம் காடி வெட்டிச் சிமெண்டு கலவையில் செருகலாம். நாலரை அங்குலச் சுவரில் அந்த வேலை வேண்டாம். தரையிலிருந்தே நிற்கும் கல் வைத்து அதன்மேல் பலகையை ஏற்ற வேண்டும். கலவை இறுகும்வரை அடியில் முட்டு இருக்கட்டும். முன்விளிம்பை உருட்டிப் பாலிஷ் போடச் சொல்லுங்கள். அவசரத்தில் நீட்டும் கை அங்கேதான் படும்.

கடப்பா ஒரு சுண்ணாம்புக்கல். புளியும் எலுமிச்சையும் சிந்தினால் பளபளப்பு போய் வெளுத்துவிடும். ஊறுகாய் ஜாடிக்கு அடியில் ஒரு தட்டு வையுங்கள். தாளிக்கும் புகை எண்ணெய்ப் பிசுக்காக வந்து படியும். அதனால் அடுப்புக்கு இரு பக்கமும் இரண்டடி வெறும் சுவராக விட்டு டைல்ஸ் ஒட்டுவேன். எக்ஸாஸ்ட் ஃபேன் கட்டாயம். தினமும் கழுவி வைக்கும் எவர்சில்வர் பாத்திரத்தில் தூசி தங்க நேரமிருக்காது. மாதம் ஒருமுறை எடுக்கும் கண்ணாடிச் சாமான்களுக்குக் கதவு வைத்த ஒரே ஒரு அறை போதும்.

மலையடிவாரத் தெருக்களில் இன்னொரு செலவையும் முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். குரங்கு வரும். கண்ணுக்குத் தெரிகிற பழத்தையும் பொட்டுக்கடலை டப்பாவையும் அது விட்டுவைக்காது. ஜன்னலுக்குக் கெட்டியான கம்பிவலை போடாமல் திறந்த ஷெல்ஃப் போட நான் ஒப்புக்கொள்வதில்லை.

வலை, ஃபேன், டைல்ஸ் எல்லாம் சேர்த்த பிறகும் கையில் பணம் மிஞ்சும். அதில் ஒரு பங்கைக் காடி வெட்டும் கொத்தனாருக்கும் பாலிஷ் போடுபவருக்கும் கூடுதலாகக் கொடுங்கள். கதவில்லாத அலமாரியில் வேலையின் குறையை மறைக்க எதுவும் கிடையாது. மட்டம் பிசகினாலும் விளிம்பு கோணினாலும் அடுப்படியில் நிற்பவர் கண்ணில் தினமும் படும். நேராக அமைந்துவிட்டால் அந்த நேர்த்தியையும் அவர் தினமும் பார்ப்பார்.