கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஒரு கூடை

கும்மிடிப்பூண்டி லோக்கல்ல போயிருக்கீங்களா? காலேஜுக்கோ கம்பெனிக்கோ தினமும் அதுல தொங்கிட்டுப் போற ஆளா இருந்தாலும், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியக்காலை வண்டியில ஒருமுறை ஏறிப் பாருங்க. கூட்டம் இருக்காது. ஜன்னலோரம் யாராவது ஒருத்தர் மடியில துணி போட்டு மூடின கூடையோட உட்கார்ந்திருக்கலாம். பக்கத்துல போய் நின்னா உள்ளேயிருந்து 'குர்ர்... குர்ர்...'னு சத்தம் வரும். மீன் கூடைன்னு நினைச்சு மூக்கைப் பொத்திக்காதீங்க. அது புறா!

நான் அந்தக் கூடையைத் தூக்கிட்டு ஒரு வருஷம் அந்த வண்டியில அலைஞ்சவ. அதனாலதான் உங்களையும் கூப்பிடறேன்.

வண்டி கிளம்புற இடத்துலேர்ந்தே கதை இருக்கு. சென்ட்ரல் பக்கத்துல புறநகர் ரயில் நிக்கிற இடத்துக்கு மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ்னு பேரு. பழைய மூர் மார்க்கெட் அங்கேதான் இருந்துச்சு. 1985-ல எரிஞ்சு போச்சு. பேரு மட்டும் ரயில்வே போர்டுல மிச்சம். பேசின் பிரிட்ஜ் தாண்டினதும் கொருக்குப்பேட்டை. எங்க ஏரியா! இங்கேர்ந்து தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வரைக்கும் ரயில் ஜன்னல்லேர்ந்து கீழே பார்க்காதீங்க, மேலே பாருங்க. மொட்டை மாடிகள்ல மரப்பலகையும் கம்பி வலையும் வெச்சு அடிச்ச கூண்டுகள் தெரியும். 'மாரி' படத்துல பார்த்தீங்களே, அதே புறா உலகம்தான்.

இதுல மூணு ஜாதி. வானத்துல குட்டிக்கரணம் அடிக்கிறது கர்ணப் புறா. கூண்டுக்கு மேலேயே மணிக்கணக்கா வட்டம் போடுறது சாதாப் புறா. எங்கேயோ தூரத்துல கொண்டுபோய் விட்டாலும் வீட்டுக்கு வந்து சேர்றது ஹோமர். நெல்லூர், விஜயவாடான்னு கொண்டுபோய் விட்டு ஹோமர் பந்தயம் நடத்துறாங்க. விஜயவாடா இங்கேர்ந்து கிட்டத்தட்ட 430 கிலோமீட்டர்!

காலேஜ் ரெண்டாவது வருஷத்துல எனக்கும் ஆசை வந்துச்சு. சந்தையில ஒரு ஹோமர் பெட்டையை வாங்கினேன். சாம்பல் நிறம், றெக்கையில ரெண்டு கறுப்புப் பட்டை. ராணின்னு பேரு வெச்சேன். பறந்துடக் கூடாதுன்னு றெக்கையில டேப் சுத்தித்தான் குடுத்தாங்க. ரெண்டு மாசம் கம்பு, சோளம், பட்டாணினு பார்த்துப் பார்த்துப் போட்டேன். சாப்பிடும். தண்ணி குடிக்கும். அப்புறம் போய் வலையோட ஒரு மூலையில, எப்பவும் அதே மூலையில, வானத்தைப் பார்த்து நிக்கும்.

ரெண்டு மாடி தள்ளி ஒரு அண்ணன் ரொம்ப வருஷமா புறா வளர்க்கிறவர். அவரைக் கூட்டிட்டு வந்து காட்டினேன். கையில எடுத்து றெக்கையை விரிச்சுப் பார்த்தாரு. காலைப் பார்த்தாரு.

"இது உன் புறா இல்ல தங்கச்சி. இதுக்கு வூடு வேற எங்கியோ கீது. அவுத்து வுட்டா அங்கதான் போவும். கட்டி வெச்சா உன் கூண்டுல இருக்கும், அவ்ளோதான்."

ஹோமர் விஷயத்துல இது உண்மைங்க. எந்தக் கூண்டுலேர்ந்து முதல்முதலா பறந்து ஊரைப் பார்த்துச்சோ, அதுதான் அதுக்கு வீடு. பெருசானதுக்கு அப்புறம் வாங்கினா, பெரும்பாலும் காலம் பூரா அடைச்சுத்தான் வெக்கணும். அதோட குஞ்சு மட்டும்தான் நம்ம வீட்டுப் புறா.

அண்ணன் ஒரு ஆண் புறாவை ஜோடி சேர்க்கக் குடுத்தாரு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ரெண்டு முட்டை. பகல்ல கொஞ்ச நேரம் அப்பா, மத்த நேரமெல்லாம் அம்மானு ஷிஃப்ட் போட்டு அடைகாத்து, 18 நாள்ல குஞ்சு. ஒண்ணுதான் தங்குச்சு. முதல் சில நாள் அதுக்கு தானியம் கிடையாது. தாயும் தகப்பனும் தொண்டைப் பையிலேர்ந்து சுரக்கிற பாலைத்தான் ஊட்டுவாங்க. ஆமா, புறாவுக்கு அப்பா கூட பால் குடுக்கும்! ஒரு வாரத்துல அது கால்ல வளையம் போட்டோம். அதைத் தாண்டினா பாதம் பெருசாகிடும், வளையம் நுழையாது. போட்டதுக்கு அப்புறம் கழலவும் கழலாது. குட்டினு கூப்பிட்டேன், அந்தப் பேரே நிலைச்சிடுச்சு.

அஞ்சாவது வாரம் அண்ணன் சொன்னாரு, "கதவைத் திற."

அந்த ஒரு வார்த்தை எவ்வளவு கஷ்டம்னு, ஏதாவது ஒண்ணை வளர்த்தவங்களுக்குத் தெரியும். சாயங்காலம் இரை போடுறதுக்கு முன்னாடி, பசியோட இருக்கிறப்ப திறக்கணும். குட்டி கூண்டு மேல ஏறி உட்கார்ந்துச்சு. அரை மணி நேரம் ஊரையே பார்த்துச்சு. நான் கம்பு டப்பாவைக் குலுக்கினேன். இறங்கி உள்ளே வந்துடுச்சு. நாம குடுக்கிற பாடம் அவ்வளவுதாங்க: வெளியே போகலாம், டப்பா சத்தம் கேட்டா இங்கே சோறு உண்டு. மத்ததெல்லாம் அது தானாவே கத்துக்கிறது.

அப்புறம்தான் ரயில். முதல்ல திருவொற்றியூர். அடுத்த வாரம் எண்ணூர். எண்ணூர் தாண்டி ஆத்துப் பாலத்துல வண்டி போறப்ப ஒரு பக்கம் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், இன்னொரு பக்கம் இறால் பிடிக்க இடுப்பளவு தண்ணியில நிக்கிற ஜனங்க, ரெண்டையும் ஒரே ஜன்னல்ல பார்க்கலாம். அப்புறம் மீஞ்சூர். அதுக்கப்புறம் பொன்னேரி, வயல் ஆரம்பிக்கிற இடம். ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் வெளியே வந்து, மின்கம்பி இல்லாத வெட்டவெளியாப் பார்த்து, கூடையை பத்து நிமிஷம் கீழே வெச்சு, மூடியைத் திறக்கணும். தூக்கி எறியக் கூடாது. அதுவாப் போகும். ஒரு சுத்து, ரெண்டு சுத்து... அப்புறம் ஒரு கோடு. தெற்கே.

எப்படி வழி கண்டுபிடிக்குதுன்னுதானே கேக்குறீங்க? சூரியனை வெச்சுத் திசை பார்க்குது. மேகமூட்டமான நாள்ல, காந்தம் கட்டி விட்டா குழம்பிடுதுன்னு அமெரிக்க விஞ்ஞானி வில்லியம் கீட்டன் 1971-ல எழுதினாரு. அதாவது பூமியோட காந்தத்தையும் அது உணருது. வாசனையை வெச்சு வழி பிடிக்குதுன்னு இத்தாலியில ஃப்ளோரியானோ பாப்பி சொன்னாரு. 2004-ல வெளியான ஒரு ஆய்வுல, ரோம் நகரத்தைச் சுத்தி ஜிபிஎஸ் கட்டிப் பறக்க விட்டா, நிறைய புறா நெடுஞ்சாலையை ஒட்டியே பறந்து, சாலை பிரியிற இடத்துல தானும் திரும்பியிருக்கு! குட்டி நம்ம லோக்கல் தண்டவாளத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வருதோன்னு எனக்கு இன்னிக்கும் ஒரு சந்தேகம்.

பொன்னேரியிலேர்ந்து ரெண்டாவது தடவை விட்ட அன்னிக்கு அது வரலை.

நான் ரயிலேறி வீடு வந்தேன். மாடி காலி. மத்தியானம், சாயங்காலம், ராத்திரி... டப்பாவைக் குலுக்கிக் குலுக்கி கையே ஓஞ்சு போச்சு. மறுநாள் பத்து மணிக்கு நடந்து வந்துச்சு. ஆமாங்க, பக்கத்து மாடிக் கைப்பிடிச் சுவர் மேல நடந்து! மாஞ்சா நூல் இடது றெக்கைக்கு அடியில அறுத்திருந்துச்சு. போலீஸ் எத்தனை தடை போட்டாலும் அந்த நூல் இன்னும் எங்க பக்கம் வானத்துல இருக்கு. மனுஷங்க கழுத்தையே அறுத்த நூல், புறா எம்மாத்திரம்?

காயம் ஆறுச்சு. நான்தான் ஆறலை. ரெண்டு மாசம் கூண்டைத் திறக்கலை. குட்டி என்ன பண்ணுச்சு தெரியுமா? அதே மூலைக்குப் போய், அவங்க அம்மா பக்கத்துல, வானத்தைப் பார்த்து நின்னுச்சு. சந்தையில வாங்கின புறாவும், என் கையில பொறந்த புறாவும் ஒரே மாதிரி! என் வீட்டுப் புறாவை நானே கைதியாக்கிட்டேன்.

"றெக்கை ஆறிடுச்சு, நீ ஏன் இன்னும் வுடல?"ன்னு அண்ணன் கேட்டாரு. "போனா?"ன்னேன். "போனா போவும். வல்லூறு கீது, பூனை கீது, நூலு கீது. வெயில் தெளிவா கீற நாளாப் பார்த்து வுடு, சாயங்காலம் வுடாத, மழைல வுடாத. உன்னால ஆவுறது அதான். மிச்சம் அதோட கையில."

அந்த ஞாயிறு கும்மிடிப்பூண்டிக்கே போயிட்டேன். தண்டவாளக் கணக்குல சென்ட்ரல்லேர்ந்து 48 கிலோமீட்டர். இன்னும் கொஞ்சம் போனா ஆந்திரா. ஸ்டேஷன் வெளியே ஒரு டீ குடிச்சேன். கை நடுக்கம் நிக்கலை. மூடியைத் திறந்தேன். மூணு சுத்து. தெற்கே ஒரு புள்ளி. அப்புறம் வெறும் வானம்.

திரும்புற ரயில் வந்து, ஏறி, மீஞ்சூர் தாண்டுறதுக்குள்ள அம்மா போன். "ஏய், உன் புறா வந்து டப்பாவைக் கொத்திக்கிட்டு நிக்குதுடி. நான் கம்பு போட்டுட்டேன்." காலேஜ்லேர்ந்து நான் ஏழு மணிக்குள்ள வீடு திரும்பலைன்னா ஏழு போன் போடுற அம்மா அவங்க!

ஒரு வேலை பாக்கி இருந்துச்சு. ராணி. டேப்பை எடுத்து, பெரிய கூண்டுல ரெண்டு வாரம் பறந்து பழக விட்டோம். அப்புறம் ஒரு காலைல கதவைத் திறந்தேன். டப்பாவைக் குலுக்கலை. எங்க மாடியை அது ஒரு சுத்து கூட சுத்தலை. வடமேற்கே போச்சு, அந்த மூலை காட்டின அதே திசை. திரும்பலை. வீடு போய்ச் சேர்ந்துச்சா, தெரியாது. அழுதேன்தான். ஆனா, குட்டி திரும்பி வந்ததும் ராணி திரும்பாததும் ஒரே காரணத்துக்காகத்தான்னு அழுதுகிட்டே புரிஞ்சுது.

அடுத்த வருஷம் எனக்கு ஹைதராபாத்ல மேல்படிப்புக்கு இடம் கிடைச்சுது. 'பொண்ணு அவ்வளவு தூரமா?'ன்னு சொந்தக்காரங்க கேட்டாங்க. அம்மா பதில் சொல்லாம கம்பு டப்பாவை எடுத்துட்டு மாடிக்குப் போயிட்டாங்க. ஊருக்குக் கிளம்புற அன்னிக்கு பிளாட்பாரத்துல, "போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் பண்ணு. தினம் பண்ணணும்னு இல்ல"ன்னாங்க. ஹைதராபாத் வண்டியும் அதே தண்டவாளம்தான். கொருக்குப்பேட்டை, எண்ணூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி... அதுக்கு மேல எனக்கும் புது ஊர்.

குட்டியை இப்ப அம்மாதான் பார்த்துக்கிறாங்க. நீங்க அந்தப் பக்கம் போனா, கூடையோட யாராவது இறங்கினா, கூடவே இறங்கி ஓரமா நின்னு பாருங்க. மூடி திறக்கிறப்ப புறாவைப் பார்க்காதீங்க, அது போயிடும். திறக்கிறவங்க முகத்தைப் பாருங்க.