ரெண்டு கோட்டுக்கு நடுவில்

தர்மபுரியில் பென்னாகரம் ரோட்டோரம் இருக்கிற பைக் ஒர்க்‌ஷாப்புகளில் ஆயில் மாற்றுவது பத்து நிமிட வேலை. அடியில் டிரெயின் போல்ட்டைக் கழற்றி, கறுத்த ஆயிலைப் பாதியாக வெட்டின கேனில் வடிய விட்டு, போல்ட்டை முறுக்கி, புனலை வைத்துப் புது பாட்டிலைக் கவிழ்த்தால் முடிந்தது. பாட்டில் காலியாகும் வரை வண்டிக்காரர் கண் அதன் மேலேயேதான் இருக்கும். காலியானதும் என்ஜின் மூடியைத் திருகச் சொல்லி, காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். அந்த மூடிக்கு அடியில் ஒரு குச்சி தொங்குவதையும், குச்சியில் ரெண்டு கோடு இருப்பதையும் அவரும் பார்ப்பதில்லை, ஊற்றினவரும் பார்ப்பதில்லை.

இந்தக் கோடு போடுகிற யோசனை எங்கிருந்து வந்தது, எங்கள் ஊரில் குச்சியை விட்டுவிட்டு ஏன் பாட்டிலை நம்புகிறோம் என்று தேடப் போனதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை. தேடல் ஒர்க்‌ஷாப்பில் தொடங்கி, ஓசூர் வழியாகப் போய், தண்டவாளமே இல்லாத ஒரு ரயில் பாதையில் கொண்டுபோய் விட்டது.

முதலில் குச்சி. ஸ்பிளெண்டரை எடுத்துக்கொள்வோம், இந்த மாவட்டத்தில் அது ஓடாத மண்ரோடு கிடையாது. வலது பக்க கிளட்ச் கவரில் கறுப்பு பிளாஸ்டிக் மூடி. கழற்றினால் சுண்டுவிரல் நீளத்துக்குத் தட்டையான ஒரு நாக்கு, அதன் நுனிப் பக்கம் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக ரெண்டு கோடு. ஆயில் ஈரம் இந்த ரெண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும், மேல்கோட்டை ஒட்டி நின்றால் நல்லது. இதுவரை தகராறு இல்லை. தகராறு அடுத்த கேள்வியில்தான்: மூடியைத் திருகிப் பார்ப்பதா, சும்மா வாயில் வைத்துப் பார்ப்பதா?

"திருகினாத்தான் கரெக்டா காட்டும்ணா. ஓடும்போது திருகித்தானே இருக்கு?" என்றார் ஒருவர். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நாலு கடை தள்ளி இன்னொருவர், "திருகவே கூடாதுங்க, புக்குலயே போட்டிருக்கான்" என்றார். புத்தகம் ரெண்டாமவர் பக்கம். ஹோண்டா வழி வந்த என்ஜின்களின் கையேடுகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சொல்லும்: சமதரையில் சென்டர் ஸ்டாண்ட் போடு, என்ஜினை 3 முதல் 5 நிமிடம் ஐடிலிங்கில் ஓட விடு, நிறுத்தி 2, 3 நிமிடம் பொறு, குச்சியைத் துடைத்து, திருகாமல் செருகி எடுத்துப் பார். கோடு போட்டதே மூடி மரையின் வாயில் உட்கார்ந்திருக்கிற உயரத்தைக் கணக்கு வைத்துத்தான். திருகினால் மரையின் உயரத்துக்குக் குச்சி கீழே இறங்கும். அதே ஆயில் கூடுதலாகக் காட்டும். குறைவாக இருக்கிற வண்டியும் நிறைவாக இருப்பதாக ஏமாற்றும். எல்லாக் கம்பெனியும் இப்படியே கோடு போடுவதில்லை என்பதால், அந்தந்த வண்டியின் புத்தகத்தைப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

சைடு ஸ்டாண்டு இதற்கு நேர் எதிர் வேலை பார்க்கிறது. வண்டி இடது பக்கம் சாய்கிறது, ஆயிலும் இடது பக்கம் ஒதுங்குகிறது, வலது பக்கம் இருக்கிற குச்சியில் குறைவாகக் காட்டுகிறது. உடனே இன்னும் கொஞ்சம் ஊற்றுவார்கள். ஆக, சைடு ஸ்டாண்டில் நிறுத்தி, திருகியும் பார்க்கிற கடையில் ஒரு தப்பு இன்னொரு தப்பைக் கொஞ்சம் ஈடுகட்டி, அளவு ஏறக்குறைய சரியாக வந்துவிடவும் கூடும். "முப்பது வருஷமா இப்படித்தான் பார்க்கறேன், ஒரு என்ஜின் போகலியே" என்று சொல்கிறவர்களின் ரகசியம் இதுதானோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

ஓட விட்டு நிறுத்திப் பொறுக்கச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. ஆயில் ஓரிடத்தில் கிடக்கிற பொருள் இல்லை. புதிதாக ஊற்றியதில் ஒரு பங்கு, சுழன்று அழுக்கை ஒதுக்குகிற ஃபில்டருக்குள்ளும் ஹெட்டுக்குப் போகிற வழிகளிலும் நிரம்ப வேண்டும். ஓட விடாமல் பார்த்தால் அந்தப் பங்கும் கீழேயே நின்று கூடுதலாகக் காட்டும். நிறுத்தின நொடியில் பார்த்தால் பாதி ஆயில் மேலேயே நின்று குறைவாகக் காட்டும். சூட்டுக்கும் கணக்கு உண்டு: ஒரு லிட்டர் ஆயில் 60 டிகிரி சூடேறினால் 40 மில்லி அளவுக்கு விரியும். என்ஜினை முழுதாகப் பிரித்துக் கோர்த்தால் ஓர் அளவு, வெறுமனே வடித்து மாற்றினால் அதைவிடக் குறைந்த அளவு என்று கையேட்டில் ரெண்டு எண் போடுவதும் இதனால்தான். எவ்வளவு நேரம் வடிய விட்டாலும் பழைய ஆயில் கொஞ்சம் உள்ளேயே நிற்கும். பாட்டில்காரருக்கு இதெல்லாம் தெரியாது. அவர் 900 மில்லி என்றும் 1 லிட்டர் என்றும் அடைத்து விற்கிறார்.

சரி, புத்தகத்தில் இவ்வளவு இருந்தும் பாட்டில் பக்தி எப்படி வந்தது? இதற்கு விடை எங்கள் மாவட்டத்திலேயே தயாரானது என்பது என் முடிவு.

1965-ல் சேலத்திலிருந்து பிரித்த தர்மபுரி மாவட்டத்துக்குள்தான் 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆகும் வரை ஓசூரும் இருந்தது. 1980-ல் டிவிஎஸ் 50 ஓசூர் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தபோது, ரெண்டு பேர் உட்கார்ந்து போகிற இந்தியாவின் முதல் மொபெட் தர்மபுரி மாவட்டத்துத் தயாரிப்பு. எங்கள் ஊர்க் குடியானவர்களில் பெரும்பாலோர் முதலில் ஓட்டிப் பழகின என்ஜின் அது. அது டூ ஸ்ட்ரோக். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் காற்றும் கிராங்க் அறை வழியாகத்தான் மேலே போகும். அங்கே ஆயிலைத் தேக்கி வைக்க முடியாது. அதனால் பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்றுவது. அது பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் பிசுக்குக் காட்டிவிட்டு எரிந்து, நீலப் புகையாக வெளியே போய்விடும். கியர் பக்கத்துக்குத் தனியாகக் கொஞ்சம் ஆயில் உண்டு என்றாலும் அதை யாரும் நினைப்பதில்லை. பங்க்கில் லிட்டருக்கு இத்தனை மில்லி என்று கணக்குச் சொல்லி, கைப்பம்பில் அடித்துவிடச் சொல்வதுதான் அன்றைய 'ஆயில்'. கொஞ்சம் கூடினால் புகை கூடும், பிளக் கரி பிடிக்கும். குறைந்தால் பிஸ்டன் பிடிக்கும். கூடினாலும் பரவாயில்லை, குறையக் கூடாது என்று ஒரு தலைமுறையே கற்றுக்கொண்டது. அங்கே ஊற்றுகிற அளவுதான் உண்டு, பார்க்கிற மட்டம் கிடையாது.

ஃபோர் ஸ்ட்ரோக் வந்தபோது வண்டி மாறியது, கை மாறவில்லை. 1985-ல் ஹீரோ ஹோண்டா சிடி 100, 1994-ல் ஸ்பிளெண்டர், 2001-ல் ஓசூரிலிருந்தே டிவிஎஸ் விக்டர். கடைசியில் 2015-ல் எக்ஸ்எல் 100 வந்தபோது மொபெட்டும் ஃபோர் ஸ்ட்ரோக் ஆனது. பாலக்கோட்டு மார்க்கெட்டுக்குத் தக்காளிக் கிரேடு கட்டிக்கொண்டு வருகிற பெரியவர் ஒருவர் அதன் ஆயில் மூடியைக் காட்டி என்னிடமே கேட்டார்: "பெட்ரோல்ல கலக்கறதில்லைன்னா இது தீரவே தீராதுங்களா?" தீராது என்று அவர் நம்பினதிலும் தப்பில்லை, அவர் பார்த்த ஆயிலெல்லாம் எரிந்து போனது. உள்ளே தங்குகிற ஆயிலும் கொஞ்சம் கொஞ்சமாக எரியும், அதைப் பார்க்கத்தான் குச்சி.

கூடினால் என்ன ஆகும் என்பதை ஒரு மெக்கானிக் வாயால் சொல்லாமல் கையில் கொடுத்தார். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து ஃபில்டரை எடுத்துப் பிழிகிற மாதிரி அழுத்தினார். விரலிடுக்கில் ஆயில் ஒழுகியது. மட்டம் ஏறினால் கிராங்கும் கிளட்சும் ஆயிலை அடித்துக்கொண்டே சுற்றும். நுரைக்கும், சூடேறும், வண்டி இழுக்காது. நுரையைப் பம்பு உறிஞ்சினால் மேலே போவதில் பாதி காற்று. உள் அழுத்தம் பிரீதர் குழாய் வழியாக ஆயிலைத் தள்ள, அது ஏர் ஃபில்டரில் வந்து நிற்கும். "மைலேஜ் குடுக்கலைன்னு வந்த வண்டிங்க. கார்புரேட்டரைக் கழட்டச் சொன்னாரு, நான் இதைக் கழட்டினேன்" என்றார். குறைந்தால் முதலில் அடி வாங்குவது ஹெட். கேம்ஷாஃப்ட்டும் ராக்கரும் கடைசியில் ஆயில் வாங்குகிற இடம். பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் இறக்கத்திலோ வத்தல்மலை வளைவுகளிலோ முன்சக்கரம் தாழ்ந்திருக்கும்போது இருக்கிற கொஞ்ச ஆயிலும் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்பின் வாய் காற்றைக் குடிக்கும்.

கோடுகளின் பூர்வீகத்தைத் தேடியபோது ஒரு பழைய புல்லட்காரர்தான் நல்ல வழி காட்டினார். 1955-ல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் திருவொற்றியூர் வண்டிகளில், பழைய காஸ்ட் அயர்ன் என்ஜினில், ஆயில் டேங்க் என்ஜின் உடம்புக்குள்ளேயே தனி அறையாக இருக்கும். ஒரு பம்பு அனுப்பும், இன்னொன்று திருப்பிக் கொண்டுவரும். மாசக்கணக்கில் நிறுத்தி வைத்தால் அறையிலிருந்து ஆயில் மெல்லக் கசிந்து கிராங்க் பக்கம் இறங்கிவிடும். குச்சியில் பார்த்தால் காய்ந்து கிடக்கும். ஐயோ என்று ஊற்றி ஸ்டார்ட் செய்தால் அத்தனையும் பிரீதர் வழியாகச் சுவரில் அடிக்கும். "ஓட்டிட்டு வந்து பாருங்க தம்பி, நின்ன வண்டியில பார்க்காதீங்க" என்பது அவர் வேதம். இதே ராயல் என்ஃபீல்டு 1913-ல் இங்கிலாந்தில் விட்ட சின்ன வி-ட்வின் வண்டியில் ஆயில் டேங்க்கே கண்ணாடி. மட்டம் வெளியிலிருந்தே தெரியும். 2009-ல் வந்த கிளாசிக்கில் குச்சி போய், என்ஜின் பக்கவாட்டில் வட்டக் கண்ணாடி ஒன்று வந்ததைப் புதுமை என்று கொண்டாடினோம். குடும்பத்துக்குள்ளேயே அது பழைய சங்கதி.

அதற்கும் முந்தைய மோட்டார் சைக்கிள்களில் மட்டம் என்பதே கிடையாது. ஓட்டுகிறவர் சில மைலுக்கு ஒரு தடவை கைப்பம்பை அமுக்கி ஒரு மடக்கு ஆயிலை என்ஜினுக்குள் அனுப்புவார், அது ஓடி எரிந்து தீரும். பின்னால் புகை வந்தால் போதும் என்று அர்த்தம். எங்கள் டிவிஎஸ் 50 காலத்துக் கண்ணோட்டம் அப்போதே இருந்திருக்கிறது.

ரெண்டு எல்லைக்கு நடுவில் என்ற யோசனையைத் துலக்கமாகக் காட்டுவது 1908 முதல் 1927 வரை வந்த ஃபோர்டு மாடல் டி கார். அதில் குச்சி இல்லை. அடியில், ஃப்ளைவீல் உறையில், ஒன்றுக்கு மேல் ஒன்றாக ரெண்டு சின்னக் குழாய்த் திருகு. காருக்கு அடியில் கை விட்டு மேல் திருகைத் திறந்தால் ஆயில் வரக் கூடாது, வந்தால் அதிகம். கீழ்த் திருகைத் திறந்தால் வர வேண்டும், வராவிட்டால் குறைவு. இன்றைய மேல்கோடும் கீழ்கோடும் அங்கே பித்தளையில் இருந்தன.

ஃபோர்டுக்கும் முன்னால் நீராவி பாய்லரில் இதே ஏற்பாடு உண்டு: உயரம் உயரமாகப் பொருத்திய சோதனைத் திருகுகள், அப்புறம் கண்ணாடிக் குழாய். இதற்காக மேல்நாட்டுக்குப் போக வேண்டியதில்லை. மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906-ல் குறும்பாதை ரயில் வந்தது, பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுவரப் போட்ட பாதை. 1913-ல் ஓசூர் வரை நீண்டது, 1941-ல் மூடிவிட்டார்கள். நீராவி என்ஜினில் டிரைவரும் ஃபயர்மேனும் கண் எடுக்காமல் பார்ப்பது அந்தக் கண்ணாடிக் குழாயைத்தான். தண்ணீர் குறைந்தால் நெருப்புப் பெட்டியின் கூரை காய்ந்து பாய்லரே வெடிக்கும். கூடினால் நீராவியோடு தண்ணீரும் சிலிண்டருக்குள் ஓடி என்ஜினை உடைக்கும்.

இதில் என்னை நிறுத்தி வைத்தது ஏற்ற இறக்கக் கணக்கு. கண்ணாடி இருப்பது பின்னால், டிரைவர் பக்கம். புகைபோக்கி முன்னே இருக்க மேட்டில் ஏறும்போது தண்ணீர் பின்னால் சரிந்து கூடுதலாகக் காட்டும். உச்சி தாண்டி இறங்கத் தொடங்கினதும் முன்னால் ஓடி, கூரை வெளியே வந்துவிடும். ஓசூர் தர்மபுரியைவிட நானூறு மீட்டர் போல உயரம். அந்தப் பாதையில் ஓட்டினவர்கள் கண்ணாடியில் கண்ட மட்டத்தில் சரிவைக் கழித்துத்தான் நம்பியிருக்க முடியும். சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கிற ஸ்பிளெண்டருக்கும் அதே கழித்தல்தான். அவர்களுக்கு உயிர் போகும், அதனால் கற்றுக்கொண்டார்கள். நமக்கு ஏர் ஃபில்டர்தான் போகிறது.

இதையெல்லாம் பென்னாகரம் ரோட்டு மெக்கானிக்கிடம், அதான் திருகக் கூடாது என்றவரிடம், சொன்னேன். ரயிலை ரசித்தார். ஆனால் பாட்டில் விஷயத்தில் என் டூ ஸ்ட்ரோக் விளக்கத்தைப் பாதிதான் ஒத்துக்கொண்டார்.

"அதுவும் இருக்கலாம்ணா. நிஜக் காரணம் வேற. குச்சி பார்த்து ஊத்தினா பாட்டில்ல நூறு மில்லி நிக்கும். அதை எடுத்து ஓரமா வச்சேன்னு வைங்க, 'என் ஆயிலை அடிச்சுட்டான்'னு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொல்லிட்டுப் போவாங்க. அதுக்குத்தான் கண்ணு முன்னாடியே பூராவையும் உள்ள கவுத்துடறது. என்ஜின் கெட்டா அப்புறம் பார்த்துக்கலாம், பேரு கெடக் கூடாதில்ல?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போது அவர் ஒரு வழி செய்திருக்கிறார். முதலில் கொஞ்சம் குறைவாக ஊற்றி, ஓட விட்டு, பொறுத்து, குச்சியைப் பழைய பனியன் துணியில் துடைத்து வண்டிக்காரர் கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொல்கிறார். மேல்கோட்டுக்கு வந்ததும் நிறுத்தி, மிச்ச பாட்டிலை மூடி, மார்க்கரில் வண்டி நம்பரை எழுதி அவரிடமே கொடுத்துவிடுகிறார். ஆயிரம் கிலோமீட்டர் ஓடினதும் கொண்டுவாங்க, குறைஞ்சிருந்தா இதிலிருந்தே ஊத்திக்கலாம் என்று சொல்லியும் அனுப்புகிறார்.

"கொண்டு வர்றாங்களா?"

"வண்டி வருதுங்க, பாட்டில் வர்றதில்லை. கேட்டா, செயினுக்கு விட்டுட்டேன், மோட்டார் ரூம் கதவுக்கு விட்டுட்டேன்னுவாங்க. விட்டுட்டுப் போறாங்க, அது அவங்க ஆயில்தானே."

சொல்லிக்கொண்டே அடுத்த வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றினார்.