எப்ப தொடக்கம்?

உளமருத்துவ கிளினிக்கில் நான் அதிகம் நம்பியிருப்பது "எப்ப தொடக்கம்?" என்ற கேள்வியைத்தான். இரத்தப் பரிசோதனையும் ஸ்கானும் காட்டித்தராத நோய்களோடு வேலை செய்பவனுக்கு, ஒன்று எப்போது தொடங்கியது என்பது பாதி விடை. யாழ்ப்பாணத்தில் இதற்குத் திகதியாகப் பதில் வருவது குறைவு. "இடப்பெயர்வுக்கு முந்தி", "சுனாமி வந்த வருசம்", "மெனிக் பாம் முகாமில இருக்கேக்க" என்றுதான் சொல்வார்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் திரண்டெழுந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது எத்தனையோ வீடுகளின் குழந்தை கிளினிக் காட்டுகளும் பள்ளிக்கூட ரிப்போட்டுகளும் அலுமாரிகளிலேயே கிடந்து அழிந்தன. வன்னியில் 2009இல் போர் முடிந்தபோது காவிக்கொண்டு போக அலுமாரியே மிஞ்சவில்லை. வேறு நாட்டு உளமருத்துவர் கோப்பைப் புரட்டிப் பார்க்கும் இடத்தில் நாங்கள் அம்மம்மாவைக் கேட்கிறோம்.

இப்போது சில இளையவர்கள் நோயின் பெயரையும் தாங்களே கொண்டு வருகிறார்கள். "எனக்கு ஓட்டிசம் டொக்டர், எழுதித் தாங்கோ." போனில் பார்த்த வீடியோக்கள், இணையத்தில் நிரப்பிய வினாக்கொத்து, அதன் புள்ளி எல்லாம் கையில் இருக்கும். பெரும்பாலும் அது சைமன் பாரன்-கோகனும் கேம்பிரிட்ஜ் சகாக்களும் 2001இல் வெளியிட்ட ஐம்பது கூற்றுக் கொத்து. 32 அல்லது அதற்கு மேல் எடுத்தால் யோசிக்க வேண்டும் என்பார்கள். நோயை உறுதிப்படுத்த அது போதாது. அதில் நாடக அரங்குக்குப் போக விருப்பமா, நூதனசாலைக்கா என்றும் ஒன்று வரும். கிளிநொச்சியில் வளர்ந்த பிள்ளை அதற்கு எதை வைத்துப் பதில் எழுதும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இப்படி வருகிறவர்களைச் சிரித்து அனுப்பும் வழக்கம் எங்கள் தொழிலில் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. விசர் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எல்லா உளநோயையும் அடைத்து வைத்திருந்த ஊரில், ஒரு பிள்ளை தன்னைத் தானே கவனித்துக் கொப்பியில் குறித்துக்கொண்டு வருகிறது. பெயர் பிழைத்திருக்கலாம், கவனிப்பு பெரும்பாலும் பிழைப்பதில்லை.

அப்படி ஒரு பிள்ளை. ஒரே மாதிரிக் கதையோடு வந்த சிலரை, அடையாளம் தெரியாதபடி, இங்கே ஒருத்தியாக்கியிருக்கிறேன். வன்னியில் பிறந்தவள், இப்போது யாழ்ப்பாணத்தில் படிக்கிறாள். கொப்பியில் வரி வரியாக எழுதியிருந்தாள்: ஆட்களின் கண்ணைப் பார்க்க ஏலாது. சத்தம் தாங்க ஏலாது. கதிரை மாறி இருக்க ஏலாது. கூட்டத்துக்குள் நான் இல்லாத மாதிரி ஆகிவிடும். உடுப்பின் லேபிள் குத்தும், வெட்டித்தான் போடுவேன்.

வாசித்தால் ஓட்டிசம்தான். ஆனால் அறிகுறிகள் மாம்பழங்கள் போல. வெளித்தோலைப் பார்த்துக் கறுத்தக்கொழும்பானா வெள்ளைக்கொழும்பானா என்று சொல்லப்போனால் ஏமாறலாம். ஒவ்வொரு வரியையும் வெட்டிப் பார்க்க வேண்டும்.

எந்தச் சத்தம்? மிக்சி அரைத்தால் ஒன்றுமில்லை. நல்லூர்த் திருவிழாவில் தவிலுக்குப் பக்கத்திலேயே நிற்பாள். தகரக் கூரையில் பனங்காய் விழுந்தால், யாரோ கதவை அடித்துச் சாத்தினால், உடம்பு விறைத்துவிடும். ஓட்டிசம் உள்ள பலருக்கு மின்விசிறியின் இரைச்சல்கூடக் குழந்தையிலிருந்தே வதை. இவளை வதைப்பது திடீர்ச் சத்தம் மட்டும். கதிரை ஏன் மாறக்கூடாது? அது கதவுக்குப் பக்கத்துக் கதிரை. கண்ணைப் பார்க்க ஏலாதா, பார்க்கப் பயமா? கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்: "பார்த்தா என்னை வாசிச்சிடுவினம்."

தாயிடம் கேட்டேன், எப்ப தொடக்கம்? "ஏழு வயசு மட்டும் ஊர்ப் பிள்ளையள் எல்லாத்தையும் சேர்த்து வச்சிருப்பாள் டொக்டர். சிரட்டையில சோறு காய்ச்சி, கடை போட்டு, தேப்பனிட்டயே காசு கேட்பாள்." பிறகு? "பிறகு தெரியுந்தானே." 2009க்கு இதைவிட நீளமான விளக்கம் எங்கள் கிளினிக்கில் அதிகம் கேட்பதில்லை.

ஓட்டிசம் வளர்ச்சியின் தொடக்கத்திலேயே வேர்விட்டிருக்க வேண்டும் என்பது வகைப்பாட்டு நூல்களின் விதி. கெட்டிக்காரப் பிள்ளைகள், அதிலும் பெண்பிள்ளைகள், அதை வருடக்கணக்காக மறைத்துக்கொண்டு வாழ்வதும் உண்மை. ஆகவே தாய் ஒருவரின் நினைவை மட்டும் வைத்து இல்லையென்று சொல்லிவிட முடியாது. ஆனால் சிரட்டைக் கடை நடத்தி, ஆள் சேர்த்து, அப்பாவை வாடிக்கையாளராக்கிய பிள்ளையின் விளையாட்டில், அடுத்தவர் மனதை வாசிக்கும் வித்தை நிறைய இருந்தது. அது ஒரு வருடத்துக்குள் அணைந்துபோனதென்றால் காரணத்தை அந்த வருடத்தில்தான் தேட வேண்டும். 2022இல் நடைமுறைக்கு வந்த, உலக சுகாதார நிறுவன நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பு, சிக்கலான மனவடு நோய்க்குத் தனி இடம் கொடுத்திருக்கிறது: நடந்தது திரும்பத் திரும்ப வருதல், அதைத் தவிர்த்தல், ஓயாத விழிப்பு, இவற்றோடு உணர்ச்சி கைக்குள் நில்லாமை, தன்னையே இழிவாக நினைத்தல், உறவுகள் ஒட்டாமை. கொப்பியின் பெரும்பகுதி அதற்குள் வந்தது.

ஓட்டிசமும் மனவடுவும் ஒன்றுபோலத் தெரிவது அவளுடைய கற்பனையல்ல. ருமேனிய அநாதை இல்லங்களில் கடுமையாகக் கைவிடப்பட்டு, பிறகு இங்கிலாந்தில் தத்தெடுக்கப்பட்ட குழந்தைகளில் சிலர் ஓட்டிசம் உள்ளவர்களைப் போலவே நடந்துகொண்டதை மைக்கல் ரட்டர் குழுவினர் 1999இல் எழுதினார்கள். நல்ல வீட்டில் வளர வளர அவர்களில் பலரின் அறிகுறிகள் தணிந்தன.

எண்களையும் மறக்கக் கூடாது. உலக அளவில் 127 பேருக்கு ஒருவர் ஓட்டிசத்தோடு வாழ்கிறார் என்பது 2021க்கான கணிப்பு. போர் முடிந்த கையோடு யாழ் மாவட்டத்தில் எடுத்து 2011இல் ஜாமா இதழில் வந்த ஆய்விலோ 32.6 வீதத்தினருக்குப் பதகளிப்பு அறிகுறிகள், 22.2 வீதத்தினருக்கு மனச்சோர்வு, 7 வீதத்தினருக்கு மனவடு. இங்கே கதவைத் தட்டுகிறவரிடம் எதை முதலில் தேடுவது என்பதை இந்த எண்களே ஓரளவு தீர்மானிக்கின்றன.

அதிலேயே பொறியும் இருக்கிறது. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போருக்குள் இருந்துகொண்டே மனவடுவைப் பற்றி எழுதினார். அவருடைய 'ஸ்கார்ட் மைன்ட்ஸ்' நூல் 1998இல் வந்தது. அந்த வழியில் பழகிய நாங்கள் எதைக் கண்டாலும் போரைக் காண்போம். வடமராட்சியிலிருந்து வந்த நடுவயதுக்காரர் ஒருவரை "இடப்பெயர்வோட வந்த பதகளிப்பு" என்று வீட்டார் சொல்லி வந்தார்கள். மூத்த அக்காவைக் கேட்டால், நாலு வயதிலேயே பருத்தித்துறை பஸ் நேரங்களை மனப்பாடமாகச் சொல்வாராம். பஸ் பிந்தினால் குழறுவாராம். ஒரு பிள்ளையோடும் சேர்ந்து விளையாடியதில்லையாம். அவருக்குப் போர் பிறகுதான் வந்தது. ஓட்டிசம் என்று எழுதினேன்.

கொப்பியோடு வந்த பிள்ளைக்கு மனவடு என்ற வேறு பெயரைச் சொன்னபோது அவள் ஆறுதலடையவில்லை. "அப்ப நான் இப்பிடிப் பிறக்கேல்லையா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் இருந்த ஏமாற்றத்தை நான் பல நாள் யோசித்தேன். ஓட்டிசம் யாரையும் குற்றம் சாட்டாத பெயர். அதற்கு இடமில்லை, மாதமில்லை, இறந்தவர் பட்டியல் இல்லை. பிறந்த விதம் அப்படி என்றால் வீட்டில் யாரும் எதையும் கிளற வேண்டாம். மனவடு என்றவுடன் போர் முடிந்த முள்ளிவாய்க்கால் குசினிக்குள் வந்து குந்திவிடும். எங்கள் பிள்ளைகள் சிலர் ஓட்டிசத்தைத் தேர்ந்தெடுப்பதில் இப்படி ஒரு புத்திசாலித்தனமான ஒதுங்கல் இருப்பதாக எனக்குப் படுகிறது. அதைப் பறிக்கும்போது கைமாறாக ஏதாவது கொடுக்க வேண்டும்.

நான் கொடுப்பது அவர்களுடைய கொப்பியைத்தான். புதிய பெயர் ஒவ்வொரு வரிக்கும் பதில் சொல்ல வேண்டும். சொல்லாத பெயரை நான் எழுதுவதில்லை. இருவரும் மேசையில் வைத்து வரி வரியாகப் போனோம். கண், சத்தம், கதிரை, கூட்டம் எல்லாம் ஒத்து வந்தன. பல இடத்தில் அவள் மறுத்தாள். மறுத்ததையும் அவள் கையெழுத்திலேயே கோப்பில் சேர்த்தேன். சிகிச்சைக்குப் பிறப்பிலிருந்து கயிறு விரித்து, நல்லதுக்குப் பூவும் கெட்டதுக்குக் கல்லும் வைத்துக் கதை சொல்லும் முறையைச் சொன்னேன். சுனாமிக்குப் பிறகு வடகிழக்கு முகாமொன்றில் சிறுவர்களோடு பரீட்சித்துப் பார்த்த முறை அது. சிரட்டைக் கடைக்கு ஒரு பூ வைக்கலாமா என்று அவளே கேட்டாள்.

லேபிள் வரி மட்டும் ஒத்துவரவில்லை. கைக்குழந்தையிலேயே புதுச் சட்டை போட்டால் கத்துவாள் என்று அம்மம்மா சொல்வாராம். அது கயிற்றின் முதல் சாணிலேயே, எந்தக் கல்லுக்கும் முன்னால் இருக்கிறது. ஓட்டிசமும் மனவடுவும் ஒருவரிடமே இருக்கலாம். அதனால் கோப்பில் ஓட்டிசம் என்று எழுதிப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். அடுத்த கிளினிக்குக்கு அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். முழங்கால் நோகுதாம்; பஸ்ஸில் வரமாட்டா, ஓட்டோ பிடிக்க வேண்டும் என்றாள்.